ஒரு ஷூவை எப்படிப் பார்ப்பது?

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிப்போனது. வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய சாம்பிள் திரும்பி வந்திருக்கும். அளவு சரியாக இருக்கும், தையலிலும் தோலிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் "லுக் வரவில்லை" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். மேசையைச் சுற்றி நாலு பேர் நின்று அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "மூக்கு கனமா தெரியுது சார்" என்பார் ஒருவர். "இல்லண்ணே, கலர்தான் டல்லடிக்குது" என்பார் இன்னொருவர். ஏதோ இடிக்கிறது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு. எது இடிக்கிறது என்று சொல்லத்தான் வராது.

கண்ணுக்குப் படும் குறையை வாய்விட்டுச் சொல்ல உதவும் சொற்கள் ஒரு பத்துப் பதினைந்து இருக்கின்றன. ஓவியக் கல்லூரியிலும் வடிவமைப்புக் கல்லூரியிலும் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். 'காட்சிக் கலையின் அடிப்படைக் கூறுகள், கோட்பாடுகள்' என்ற பெயர்தான் கொஞ்சம் மிரட்டும். கோடு, வடிவம், திரட்சி, வெளி, மேற்பரப்பு, நிறம், ஒளியும் இருளும் ஆகியவை கூறுகள். கண்ணில் படுகிற சரக்கு. சமநிலை, லயம், முரண், அழுத்தம், விகிதம், ஒருமை ஆகியவை கோட்பாடுகள். அந்தச் சரக்கை எப்படிச் சேர்த்து வைப்பது என்பது பற்றியவை. ஓவியத்தை வைத்து இதை விளக்குவதுதான் வழக்கம். நான் ஷூவை எடுத்துக்கொள்கிறேன். ஓவியம் எல்லார் வீட்டிலும் இல்லை. செருப்போ ஷூவோ எல்லார் வாசலிலும் கிடக்கிறது. தவிர, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான்.

இந்த வட்டாரம் எப்போதும் ஷூ செய்துகொண்டிருந்ததில்லை. 1970களின் தொடக்கம்வரை இங்கிருந்து கப்பலேறியதில் பெரும்பகுதி பாதி பதனிட்ட தோல்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட 'ஈ.ஐ.' (ஈஸ்ட் இந்தியா) தோல் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும். அங்கே அதற்குச் சாயமேற்றி, மெருகு போட்டு, ஷூவாக்கி விற்பார்கள். 1972இல் சீதாராமையா குழு பரிந்துரை செய்தது. அதையொட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோலும் தோல் பொருளும் செய்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தது. தோல் பதனிடும் தோல்ஷாப்புகளின் பக்கத்தில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் கம்பெனிகளும் முழு ஷூ கம்பெனிகளும் எழுந்தன. தோலை எடை போட்டும் அளந்தும் விற்றவர்களுக்கு, 'பார்க்க எப்படி இருக்கிறது' என்ற கேள்வி அப்போதுதான் பிழைப்போடு ஒட்டிக்கொண்டது.

கூறுகள், கோட்பாடுகள் என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ 1899இல் எழுதிய நூலில் கோடு, ஒளி-இருள் அமைப்பு, நிறம் என்று மூன்றே சொன்னார். 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியில் மாணவர்கள் எந்தப் பிரிவுக்குப் போவதற்கு முன்னும் ஓர் அடிப்படைப் பாடத்தை முடிக்க வேண்டும். ஜோஹன்னஸ் இட்டன் அதை நடத்தினார். மரம், கம்பளி, உலோகம் என்று பொருள்களைக் கையால் தடவிப் பார்த்துப் படிப்பதும் அதில் அடக்கம். நம் நாட்டில் சித்திரத்தின் ஆறு அங்கங்களைப் பற்றி யசோதரர் 13ஆம் நூற்றாண்டில் காமசூத்திர உரையில் எழுதியிருக்கிறார். உருவ வேறுபாடு, அளவு, பாவம், லாவண்யம், ஒப்புமை, வண்ணக் கலவை என்று அது போகும். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். ஏழா எட்டா என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. பரீட்சை எழுதுகிறவர்கள் மட்டும் மன்னிக்கவும்.

கோட்டிலிருந்து தொடங்குவோம். ஷூவில் கோடு என்றால் முதலில் தையல், அடுத்து ஒரு தோல் துண்டு இன்னொன்றின்மேல் ஏறும் விளிம்பு. அலுவலகத்துக்குப் போடும் லேஸ் ஷூக்களில் ஆக்ஸ்ஃபோர்டு, டெர்பி என்று இரண்டு வகை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் லேஸ் கட்டும் இரண்டு மடல்களும் முன்பகுதித் தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்படும். டெர்பியில் அதே மடல்கள் முன்பகுதிக்கு மேலே வந்து உட்காரும். வேறுபாடு அவ்வளவே. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் கண் விரல்நுனியிலிருந்து கணுக்கால்வரை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கால் ஒடுங்கியும் நீண்டும் தெரியும். டெர்பியில் மடலின் விளிம்பு குறுக்கே நிறுத்தும்; கால் அகன்று, சற்று இளகிய தோற்றம் வரும். கல்யாண வரவேற்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு, தினப்படிக்கு டெர்பி என்று பழகியதற்கு இந்த ஒரு கோட்டின் போக்குதான் காரணம்.

கோட்டுக்குத் தடிப்பும் உண்டு. மெல்லிய நூலில் நெருக்கமாக ஓடிய தையல் அடக்கமாக இருக்கும். தடித்த நூலில் இடைவெளி விட்டு ஓடியது, அதுவும் தோலுக்கு மாறான நிறத்தில் ஓடியது, 'நான் உழைப்பாளி' என்று சொல்கிற பூட்ஸுக்குப் பொருந்தும். இரட்டைத் தையலில் இரண்டு கோடும் ஒரே இடைவெளியில் போக வேண்டும். வளைவில் அரை மில்லிமீட்டர் நெருங்கினாலும் கண்ணில் குத்தும். தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களில் பலர் விடியலில் வாசலில் இழுக்கும் சிக்குக்கோலத்திலும் இதே கணக்குதான். கோடு புள்ளிக்கு எவ்வளவு தள்ளி வளைகிறது என்பதில்தான் கோலத்தின் அழகு இருக்கிறது.

வடிவம் தட்டையானது, திரட்சிக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டும் உண்டு. சதுரத்துக்கும் கனசதுரத்துக்கும் உள்ள வித்தியாசம். புத்தகத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஷூ செய்யும் இடத்தில் இதுதான் நாளெல்லாம் படுத்துகிற சங்கதி. ஷூவின் திரட்சி 'லாஸ்ட்' என்கிற பாத அச்சிலிருந்து வருகிறது. முன்பு மரத்தில் செதுக்கினார்கள், இப்போது பிளாஸ்டிக். முன்னே கூர்மையா, உருண்டையா, சதுரமா, கால் எங்கே இறுகும், குதிகால் எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் லாஸ்ட் முடிவு செய்துவிடும். தோலோ தட்டையாக வருகிறது. தட்டையை எப்படித் திரட்சியின் மேல் போர்த்துவது?

பேட்டர்ன் போடுகிறவர் லாஸ்டின்மேல் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி முழுக்க மூடுவார். அதன்மேல் பென்சிலால் டிசைனை வரைவார். பிறகு நடுக்கோட்டில் பிளேடால் கீறி, டேப்பை ஒரே தோலாக உரித்தெடுத்து, தட்டை அட்டையில் ஒட்டுவார். வளைந்திருந்தது அட்டையில் சமமாக உட்காராது. விரல் பக்கம் மடிப்பு விழும், குதிகால் பக்கம் எழும்பி நிற்கும். அங்கங்கே சின்ன வெட்டு கொடுத்து அழுத்த வேண்டும். உலக உருண்டையை வரைபடமாக்கும்போது கிரீன்லாந்து பெரிதாகிவிடும் சிக்கல் இங்கேயும் உண்டு. பாதத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், இரண்டுக்கும் எடுத்த வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுப்பார்கள். இன்று கணினி இதைச் செய்கிறது என்றாலும், கையால் டேப் ஒட்டிப் பழகியவருக்குத்தான் திரையில் தெரிகிற கோடு லாஸ்டில் ஏறும்போது எங்கே வளையும் என்று முன்கூட்டித் தெரிகிறது. நல்ல பேட்டர்ன்காரரின் மதிப்பு அதில் இருக்கிறது.

வெளி என்றால் பொருள் இல்லாத இடம். அதுவும் டிசைன்தான். மூடிய ஷூவில் இதைக் காட்டுவது கடினம், பெண்களின் பட்டைச் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே தெரிகிற கால்தோலின் வடிவத்தை யாரும் வெட்டவில்லை, தைக்கவில்லை. ஆனால் செருப்பு காலுக்கு எடுப்பாக இருப்பதும் இல்லாமல் போவதும் அந்த வெற்றிடத்தைப் பொறுத்தது. நம் சிற்பிகள் இந்த விளையாட்டில் தேர்ந்தவர்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஒரே எல்லைக்கோடு இரண்டு உருவங்களுக்கும் வேலை செய்கிறது.

மேற்பரப்பு விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆட்டுத்தோலின் ரேகை ஒன்று, மாட்டுத்தோலின் ரேகை வேறு. தோலின் மேல்பக்கத்தை மெல்லத் தேய்த்து மிருதுவாக்கினால் நுபக். உள்பக்கத்தைத் தேய்த்துப் பூம்பட்டுப்போல் எழுப்பினால் ஸ்வேட். கண்ணாடிபோல் பளபளக்கப் பூசினால் பேட்டன்ட். முதலை ரேகை அச்சடித்த மாட்டுத்தோலும் உண்டு. கண்ணுக்கு முதலை, கைக்கு மாடு. பார்வைக்குத் தெரிகிற மேற்பரப்பும் தொட்டால் தெரிகிற மேற்பரப்பும் வேறாகலாம் என்பதை ஓவிய மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஸ்வேடில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதன் பூ, அதாவது எழும்பி நிற்கும் மெல்லிழை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கையால் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் தடவிப் பாருங்கள். அதே துண்டு ஒருமுறை வெளுத்தும் ஒருமுறை கறுத்தும் தெரியும். அதனால் கட்டிங்கில் இருப்பவர் இடது ஷூவுக்கான துண்டையும் வலது ஷூவுக்கான துண்டையும் ஒரே சாய்மானத்தில், முடிந்தால் தோலின் ஒரே பகுதியிலிருந்து, ஜோடி சேர்த்து வெட்ட வேண்டும். முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது. வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், ரேகையும் தளர்ந்திருக்கும். ஷூவின் முகப்புக்கு முதுகுத்தோல், மறைவான இடங்களுக்கு வயிற்றுத்தோல் என்று பிரிப்பது சிக்கனம் மட்டுமல்ல, எதைக் கண்ணுக்கு முன்னால் வைப்பது என்ற தீர்மானமும்கூட.

நிறத்துக்கு வருவோம். இங்கேதான் சண்டை அதிகம். க்ரோம் உப்பில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இளநீலமாக இருக்கும். 'வெட் ப்ளூ' என்பார்கள். பட்டையில் பதனிட்டது பழுப்பாக இருக்கும். ஒரே சாயத்தை இரண்டின்மேலும் ஏற்றினால் ஒரே நிறம் வராது. அடியில் இருக்கும் நிறம் மேலே எட்டிப்பார்க்கும். பக்கத்தில் இருக்கும் நிறமும் அப்படியே. சிவப்புக்கு அருகே வைத்த சாம்பலும் பச்சைக்கு அருகே வைத்த அதே சாம்பலும் வேறு வேறாகத் தோன்றும். பௌஹௌஸில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த யோசெஃப் ஆல்பர்ஸ் இதை மட்டுமே வைத்து 1963இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். நிறம் தனியாக இருப்பதில்லை, சுற்றியிருப்பதோடு சேர்ந்தே தெரிகிறது என்பது அதன் சாரம்.

வெளிச்சமும் ஏமாற்றும். டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்திய இரண்டு தோல் துண்டுகள் வெயிலில் கொண்டுபோனால் பிரிந்து நிற்கும். ஜவுளிக்கடையில் ஜாக்கெட் துணி எடுத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்க்கிற பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டல்லவா, அதே காரணம். அதனால்தான் நிறம் பார்ப்பதற்கென்று விளக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தை ஒத்த 'டி65' விளக்கில் ஒருமுறை, கடைகளில் எரியும் 'டி.எல்.84' விளக்கில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டிலும் பொருந்தினால்தான் ஷேடு ஒத்துக்கொள்ளப்படும்.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று நிறத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது: அது எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பது. செல்போனில் ஒரு ஷூவைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போய்விடும், ஒளி-இருள் மட்டும் நிற்கும். அடர்சிவப்பும் அடர்பச்சையும் நிறத்தில் எதிரெதிர். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடலாம். முழுக் கறுப்பு ஷூவில் தையலும் விளிம்பும் அமுங்கிப்போகும். அதன் திரட்சியைக் காட்டுவது பாலிஷ் மேல் விழுகிற வெளிச்சக் கீற்றுதான். வெள்ளை ஷூவில் ஒவ்வொரு தையலும் வெளியே தெரியும். தையல்காரரின் கை நடுங்கியதும் தெரியும். பழுப்பு ஷூக்களின் விரல்நுனியை மட்டும் கறுக்கச் செய்து பின்னோக்கி வெளுத்துக்கொண்டே போவதை 'பர்னிஷ்' என்பார்கள். கறுத்த பக்கம் ஒடுங்கியும் வெளுத்த பக்கம் எழும்பியும் தோன்றும். ஓவியர் நிழல் போட்டு உருண்டை வரையும் அதே வித்தைதான்.

இனி சேர்த்து வைக்கும் முறைகள். சமநிலை என்றதும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது நினைவுக்கு வரும். கோயில் கோபுரம் அப்படி. ஆனால் ஒற்றை ஷூவை மேலிருந்து பாருங்கள். உள்பக்கம் நேராகவும் வெளிப்பக்கம் வளைந்தும் இருக்கும். எங்கே நடுக்கோடு போட்டாலும் இரண்டு பாதியும் பொருந்தாது. ஜோடியாக வைத்தால்தான் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாகிறது. 19ஆம் நூற்றாண்டு வரையிலும் மேல்நாடுகளில்கூட இடது வலது பேதமில்லாத ஷூக்கள் பரவலாக இருந்தன. வடநாட்டு ஜூத்தி இன்னமும் மரபுப்படி அப்படித்தான் செய்யப்படுகிறது. ஒற்றைக்குள் சமம் தேடுவதா, ஜோடிக்குள் தேடுவதா என்பது வடிவமைப்பவர் எடுக்கும் முடிவு. பக்கிளை வெளிப்பக்கம் மட்டும் வைப்பவர்கள் இந்த இரண்டாவது சமநிலையை நம்பித்தான் வைக்கிறார்கள்.

லயத்துக்கு 'ப்ரோக்' ஷூ இருக்கிறது. தோலில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். பெரிய துளை ஒன்று, அடுத்து சின்னத் துளை இரண்டு, மறுபடி பெரியது. தாளம் பிடித்தவருக்கு இது உடனே புரியும். ஒரே அளவுத் துளைகளை வரிசையாகப் போட்டிருந்தால் அது வெறும் திரும்பச் செய்தல். பெரிதும் சிறிதும் மாறி வரும்போதுதான் கண் அதோடு சேர்ந்து நடக்கும். இதைப் பெரிய அளவில் பார்க்க வேலூர்க் கோட்டைக்குப் போக வேண்டும். ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் விஜயநகரக் காலத்து வேலை. பாயும் குதிரைகளும் யாளிகளும் தூணுக்குத் தூண் முன்கால் தூக்கி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வரிசை. கிட்டப் போனால் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அந்த மாற்றம் இல்லையென்றால் நாலாவது தூணிலேயே சலித்துவிடும். மாற்றம் மட்டுமே இருந்தால் மண்டபம் சந்தைக்கடையாகிவிடும்.

அழுத்தம் என்பது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்வது. ஜவ்வாது மலையடிவாரத்திலும் செங்கம் பக்கத்திலும் நடுகற்கள் ஏராளம். அவற்றில் வீரன் பெரிதாக நிற்பான். அவன் மீட்ட மாடுகள் அவன் முழங்காலருகே சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கும். நிஜத்தில் மாடு அவ்வளவு சிறிதில்லை என்று சிற்பிக்குத் தெரியாதா என்ன? கல் யாருக்காக நடப்பட்டது என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. ஷூவில் இந்தத் தெளிவு இல்லாதபோதுதான் பக்கிளும் குஞ்சமும் துளை வேலையும் இரட்டை நிறமும் ஒன்றாக வந்து மோதுகின்றன.

விகிதம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சாம்பிள் என்பது ஒரே ஓர் அளவில்தான் செய்யப்படும். பையர் ஒத்துக்கொண்ட பிறகு அதைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் எல்லா அளவுகளுக்கும் கொண்டுபோவார்கள். இதைத்தான் 'கிரேடிங்' என்கிறார்கள். ஐரோப்பிய அளவுமுறையில் ஓர் எண் கூடினால் லாஸ்டின் நீளம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 6.67 மில்லிமீட்டர், கூடும். 36லிருந்து 41க்குப் போனால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். ஆனால் லேஸ் துளையின் வளையம் வளராது. விளிம்பிலிருந்து தையலுக்கான தூரம் வளராது. பக்கிள் கடையில் வாங்குவது, அதுவும் வளராது. 37இல் கச்சிதமாக இருந்த பக்கிள் 41இல் மூக்குத்திபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கிளை இரண்டு அளவுகளில் வாங்கச் சொன்னால் செலவுக் கணக்குப் பார்ப்பவர் முகம் சுளிப்பார். ஆனால் வேறு வழியில்லை.

நம் ஸ்தபதிகள் இதற்கு வேறு விடை வைத்திருந்தார்கள். சிலையின் உயரத்தையே சம பாகங்களாகப் பிரித்து அதையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் சிலை 124 பாகம், நவதாளத்தில் 108. அரையடிச் செப்புத் திருமேனியானாலும் பத்தடிக் கருங்கல் சிலையானாலும் முகத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவு மாறாது. மில்லிமீட்டரை நம்பாமல் உறவை நம்புகிற முறை இது. ஷூவில் இதை முழுதாகக் கடைப்பிடிக்க முடியாமல் போவதற்குக் காரணம், உள்ளே போகிற கால் யாருடைய தாளத்துக்கும் கட்டுப்பட்டதில்லை.

முரணையும் ஒருமையையும் தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. ஸ்வேடும் பேட்டன்டும் சேரும் இடத்தில் முரண். விரல்நுனித் துளை வேலையைக் குதிகாலிலும் ஒருமுறை திருப்பிப் போடும்போது ஒருமை.

இந்தச் சொற்களால் என்ன லாபம்? திரும்பி வந்த அந்தச் சாம்பிளுக்கே இவற்றைப் போட்டுப் பார்க்கலாம். பழுப்பு டெர்பி, விரல்நுனியில் துளை வேலை, அடியில் தடித்த சோல் என்று வைத்துக்கொள்வோம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, கனமான இடம் மட்டும் தெரியும். மூக்குதான் தெரிகிறது. ஏன்? பர்னிஷ் அங்கே அதிகம் கறுத்திருக்கிறது, துளை வேலையும் அங்கே மட்டும், சோல் விளிம்பும் அங்கேதான் அதிகம் வெளியே நீட்டியிருக்கிறது. ஒளி-இருள், மேற்பரப்பு, கோடு மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து, பின்பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. 'லுக் வரவில்லை' என்பது இப்போது 'எடை முழுவதும் முன்னால் இருக்கிறது' என்று ஆகிவிட்டது. முதலில் பேசிய இருவரில் மூக்கைச் சொன்னவர் இடத்தைச் சொன்னார், கலரைச் சொன்னவர் காரணத்தில் ஒன்றைச் சொன்னார்.

பணக்கணக்கும் இங்கேதான் வருகிறது. பர்னிஷைக் குறைப்பது ஃபினிஷிங் மேசையில் சில நிமிட வேலை. குதிகாலில் துளை வேலை சேர்க்க வேண்டுமானால் பேட்டர்னைத் திருத்த வேண்டும், எல்லா அளவுக்கும் கட்டிங் டை புதிதாகச் செய்ய வேண்டும். மூக்கின் திரட்சியையே மாற்றுவதானால் லாஸ்ட் மொத்தமும் புதிது. அதைவிடப் பெரிய செலவு இல்லை. நிறமும் மேற்பரப்பும் மலிவாக மாறும், கோடு மாற்றக் கொஞ்சம் செலவாகும், திரட்சியில் கைவைத்தால் சாம்பிளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறைக்குப் பெயர் தெரியாதவர்கள் லாஸ்டை மாற்றச் சொல்லிவிட்டு, பிறகு கலர்தான் காரணம் என்று கண்டுபிடிப்பார்கள்.

இவற்றைச் சட்டமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2017இல் பலென்சியாகா நிறுவனம் 'ட்ரிபிள் எஸ்' என்ற ஷூவை இறக்கியது. சோல் மூன்று அடுக்கு, காலுக்குப் பொருந்தாத பருமன், விகிதம் என்று ஒன்றே இல்லை. உலகமே அதன்பின் ஓடியது. விகிதத்தைத் தெரிந்தே உடைத்தார்கள், அதனால் மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தது. தெரியாமல் உடைந்தது அப்படித் தெரியாது.

இந்தச் சொற்களை நம் நாட்டிலேயே படிக்கலாம். 1958இல் வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு எழுதிய அறிக்கையில் நம் வீட்டுச் செம்பைப் புகழ்ந்தார்கள். ஒரு தனி மனிதர் வடிவமைக்காமல் தலைமுறைகளின் கை பட்டு வந்த பொருள் என்றார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. காலணிக்கென்றே கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. படிக்க வசதியுள்ளவர்கள் போகிறார்கள். ஆனால் ஆம்பூரில் தைக்கப்படும் ஷூவில் பெரும்பங்கின் டிசைன் இன்னமும் பையர் கையிலிருந்துதான் வருகிறது. இங்கே அதைச் செய்து கொடுக்கிறோம். கூலிக்குச் செய்கிறவருக்கும் டிசைன் செய்கிறவருக்கும் கிடைக்கும் பணத்தில் உள்ள தூரத்தை நான் சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் இந்த வட்டாரத்துக் கண் இன்று நேற்றுப் பழகியதில்லை. மலையாம்பட்டை ஒட்டிய ஆர்மாமலைக் குகையில் சித்தன்னவாசலை நினைவூட்டும் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கின்றன. பெரும்பகுதி அழிந்துவிட்டது, அழிந்ததுபோக இருப்பதையாவது ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓவியப் பிரிவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கொடுத்துவிடாதீர்கள். மாங்காயும் தேசியக் கொடியும் வரைந்தது போதும். பிள்ளைகளின் அப்பா அம்மா தைக்கிற ஷூ ஒன்றைக் கேட்டு வாங்கி, நடு மேசையில் வைத்து, நாலு பக்கமிருந்தும் வரையச் சொல்லுங்கள். வரைந்த பிறகு எங்கே கனம், எங்கே வெறுமை, கண் முதலில் எங்கே போகிறது என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒரு பிரிவேளை போதும்.